யூதப் பள்ளிக்கூடத்துல பிள்ளையச் சேர்த்தாச்சா? பெத்தவங்க முதல் வருஷம் தெரிஞ்சுக்க வேண்டியது

கிழக்கு லண்டன்ல இல்ஃபர்ட், பார்க்கிங்சைடு பக்கம் வீடு வாங்கிட்டு வர்ற நம்ம ஆளுங்க கொஞ்ச நாளா என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "அக்கா, பக்கத்துல இருக்கிறது யூதப் பள்ளிக்கூடமாமே, நம்ம பிள்ளைய எடுத்துப்பாங்களா, எடுத்துக்கிட்டாலும் நாம அங்க போயி யாரோட என்ன பேசுறது?" என் பொண்ணு லண்டன்ல வேற ஒரு ஏரியாவுல அப்படி ஒரு பள்ளியில இயர் செவன்ல, அதாவது 11 வயசுல, சேர்ந்து பள்ளிக் கடைசித் தேர்வான ஏ லெவல் முடிச்சு போன வருஷம் வெளிய வந்தா, பையன் இப்ப அதே பள்ளியில இயர் எய்ட். எட்டு வருஷமா நாலு பேரக் கேட்டு கத்துக்கிட்டத ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். படிப்பு, ரிசல்ட் எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க. நான் சொல்ல வர்றது பள்ளியச் சுத்தி இருக்கிற பெத்தவங்க கூட்டம், பழைய மாணவர்கள் கூட்டம், அதுக்குள்ள நாம எப்படி போறதுங்கிறது மட்டும்தான்.

மொதல்ல சீட்டு விஷயம்

இங்க அரசாங்கப் பணத்துல நடக்குற மதப் பள்ளிகள், இருக்கிற எடத்த விட விண்ணப்பம் அதிகமா வந்தாத்தான் மதத்தைப் பாத்து முன்னுரிமை குடுக்கலாம், எடம் காலியா இருந்தா கேக்குற பிள்ளைக்கு குடுத்தாகணும். அதனால எல்லா யூதப் பள்ளியும் ஒரே மாதிரி இல்ல. லண்டன் கெண்டன்ல இருக்கிற ஜேஎஃப்எஸ் மாதிரி பெரிய பேரு இருக்கிற பள்ளிக்கு விண்ணப்பிக்கிறவங்க சினகாக் (யூதர்களோட கோயில்) போறது, அந்த மதத்து வழக்கத்துல நடக்குறதுக்கெல்லாம் கையெழுத்து வாங்கின ஒரு சான்றிதழ் வெச்சாத்தான் அந்த முன்னுரிமை கிடைக்கும். 2009 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், அம்மா யூதரான்னு பாத்து சீட்டு குடுக்குறது இனப் பாகுபாடுன்னு தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் வந்த முறை அது. ஆனா பார்க்கிங்சைடுல 1993ல தொடங்கின கிங் சாலமன் ஹைஸ்கூல், பர்மிங்காம் கிங் டேவிட் பிரைமரி, லிவர்பூல் கிங் டேவிட் ஹைஸ்கூல் இதுலயெல்லாம் யூதர் அல்லாத பிள்ளைங்கதான் அதிகம். பர்மிங்காம்ல பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைங்க.

ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா அங்க இருக்கிற மனுஷங்களப் புரிஞ்சுக்குறது சுலபம். லண்டன் ஈஸ்ட் எண்ட்ல குடியேறின யூதக் குடும்பங்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இல்ஃபர்ட், கேண்ட்ஸ் ஹில்னு வந்தாங்க, அடுத்த தலைமுறை அங்கேருந்து ஹார்ட்ஃபர்ட்ஷைர், எசெக்ஸ்னு கெளம்பிட்டாங்க, அவங்க விட்டுட்டுப் போன வீட்டுலதான் இப்ப நாம குடியிருக்கோம். பள்ளிக்கூடத்தத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல, அது அங்கயே நிக்குது. அதே ஜேஎஃப்எஸ் 1732ல ஏழைப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது, 1900 வாக்குல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெல் லேன்ல 4,000 பிள்ளைங்களுக்கு மேல படிச்சாங்க, ரஷ்யா, போலந்துலேருந்து ஓடி வந்த வீட்டுப் பிள்ளைங்க, இங்கிலீஷ் தெரியாது, வீட்டுல யித்திஷ் மொழி மட்டும்தான். பெரும் பணக்கார ராத்ஸ்சைல்டு குடும்பம் பிள்ளைங்களுக்கு துணியும் பூட்ஸும் குடுத்துச்சு. ஆக, இந்தப் பள்ளிகளோட அடி வேரே புதுசா வந்தவங்கதான். முதல் நாள் பள்ளி வாசல்ல "நமக்கு இங்க என்ன வேலை"ன்னு கூச்சப்பட்டு ஓரமா நின்னேன் பாருங்க, இது தெரிஞ்சிருந்தா நின்னிருக்க மாட்டேன்.

ஜூலைலயே காலண்டரக் கையில எடுங்க

ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுன்னா இதுதான் முதல் வேலை. யூத காலண்டர் நிலாவ வெச்சு ஓடுறது, 19 வருஷத்துல 7 தடவ ஒரு மாசம் கூடுதலா வரும், அதனால பண்டிகை நம்ம தீபாவளி மாதிரி வருஷா வருஷம் தேதி நகரும். நாள் கணக்கு ராத்திரி 12 மணிக்கு இல்ல, முந்தின நாள் பொழுது சாய்ஞ்சதும் ஆரம்பிக்கும். ரோஷ் ஹஷானா (புத்தாண்டு) 2 நாள், யோம் கிப்பூர் (விரத நாள்) 1 நாள், சுக்கோத் (கூடாரப் பண்டிகை) தொடக்கத்துல 2 நாள், கடைசியில 2 நாள், இதுல வாரநாள்ல எது விழுந்தாலும் பள்ளி லீவு. 2025ல கணக்கு போட்டுப் பாருங்க, செப்டம்பர் 23, 24, அக்டோபர் 2, 7, 8, 14, 15, ஆக நாலு வாரத்துக்குள்ள 7 வாரநாள் போச்சு, அதுவும் துண்டு துண்டா. 2026ல பெரும்பாலும் சனி ஞாயித்துலயே விழுது, செப்டம்பர் 21 திங்கள் யோம் கிப்பூர் மட்டும்தான் வாரநாள். அதனால போன வருஷம் எடுத்த லீவு கணக்க அப்படியே காப்பி அடிக்காதீங்க.

வெள்ளிக்கிழமை இன்னொரு விஷயம். ஷபாத்ங்கிறது வெள்ளி பொழுது சாயறதுலேருந்து சனி ராத்திரி வரைக்கும் அவங்க வேலை செய்யாத ஓய்வு நாள். குளிர்காலத்துல, டிசம்பர்ல, அது 4 மணிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும், பிள்ளைங்களும் டீச்சருங்களும் அதுக்குள்ள வீடு போய்ச் சேரணும், அதனால பள்ளி சீக்கிரம் விடும். எந்த வாரத்துலேருந்து எந்த வாரம் வரைக்கும்னு ஆபீஸ்ல கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, கூப்பிட வர்றதுக்கு ஒரு ஆள ஏற்பாடு பண்ணிக்கோங்க.

வெள்ளி சாயங்காலத்துலேருந்து சனி ராத்திரி வரைக்கும் பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப் பாதி அமைதியா இருக்கும். வழக்கம் பாக்குற வீடுகள்ல போனையே தொட மாட்டாங்க. "வெள்ளி நைட் மெசேஜ் போட்டேன், பாத்துட்டு பேசாம இருக்காங்க"ன்னு மனசு கஷ்டப்பட வேணாம், அவங்க பாக்கவே இல்ல. பிறந்தநாள் பார்ட்டி வெச்சா ஞாயித்துக்கிழமை வெய்ங்க. சனிக்கிழமை வெச்சா வகுப்புல பாதிப் பேரால வர முடியாது, ஜூன்ல ஷபாத் முடியறதுக்கே ராத்திரி 10 தாண்டிடும்.

சாப்பாடு: அன்போட செஞ்சு எடுத்துட்டுப் போகாதீங்க, அன்போட வாங்கிட்டுப் போங்க

முதல் வருஷம் பெத்தவங்க கூடுற ஒரு சாயங்காலத்துக்கு நான் ஒரு பெரிய டப்பா சுண்டலும் கேசரியும் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். சைவம்தானே, வெங்காயம் கூட போடல, யாருக்கும் சிக்கல் இருக்காதுன்னு நெனச்சேன். மேசைக்கிட்ட நின்ன அம்மா என் கையப் புடிச்சு, "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நீங்க எல்லாரும் சாப்பிடுங்க, நாங்க இங்க மேசையில வெக்க முடியாது"ன்னு ரொம்ப மெதுவா சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு வலிச்சுது. சுத்தமா இல்லன்னு நெனக்கிறாங்களோன்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே யோசனை. அப்புறம்தான் புரிஞ்சுது, சைவம்ங்கிறதும் கோஷர்ங்கிற அவங்க மதத்துச் சாப்பாட்டு விதியும் வேற வேற. என்ன பொருள்ங்கிறது பாதிதான், எந்தப் பாத்திரத்துல, எந்த அடுப்புல செஞ்சதுங்கிறது மீதி. கறிக்கும் பாலுக்கும் பாத்திரம் தனித்தனி, ரெண்டும் சேரவே கூடாது. நம்ம வீடுகள்ல அசைவத்துக்குன்னு தனிச் சட்டி வெச்சு கொல்லைப்புறம் கழுவுவாங்களே, அந்த மாதிரி ஒரு ஒழுங்கு, அத விட ரொம்ப கறாரு. யூத வீட்டுலயே செஞ்சதா இருந்தாலும் பல பள்ளிகள்ல வீட்டுச் சமையலப் பொதுவுல வெக்க விட மாட்டாங்க.

அதனால செய்ய வேண்டியது இதுதான். பாக்கெட்ல அடைச்ச பொருள், மேல கோஷர் முத்திரை இருக்கிறதா பாத்து வாங்கணும், லண்டன்ல அதிகம் பாக்குறது லண்டன் பெத் தின்ங்கிற யூத மத நீதிமன்றம் குடுக்குற கேஎல்பிடி முத்திரை. பாக்கெட்டப் பிரிக்காம குடுக்கணும். வெட்டாத முழுப் பழம் எப்பவும் பாதுகாப்பான தேர்வு, நான் இப்பவும் ஆப்பிளும் சாத்துக்குடியும்தான் கொண்டு போறேன். பிள்ளையோட டிபன் டப்பாவுக்கு பள்ளி ஒரு லிஸ்ட் குடுக்கும், பொதுவா கறி கூடாது, நட்ஸ் கூடாது. எலுமிச்சை சாதம், இட்லி எல்லாம் போகும், ஆனா ஒரு தடவ கேட்டுட்டு அனுப்புங்க, டப்பாவ அடுத்த பிள்ளையோட பங்கு போடக் கூடாதுன்னும் சொல்லி அனுப்புங்க. பெசாக் (பாஸ்கா) பண்டிகை வர்ற எட்டு நாளும் விதி இன்னும் இறுகும், ரொட்டி, கேக், பிஸ்கட் எதுவும் கிடையாது, நடு, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கனாசி வீடுகள்ல அரிசி பருப்பு கூட தொட மாட்டாங்க, ஸ்பெயின் பக்கத்து வழி வந்த செஃபார்டி வீடுகள்ல அரிசி உண்டு. பெரும்பாலும் அது ஈஸ்டர் லீவுலயே போயிடும், ஆனா அந்த வாரம் யார் வீட்டுக்காவது போறீங்கன்னா சாப்பாடு எதுவும் கையில எடுத்துட்டுப் போகாதீங்க.

பூரிம் பண்டிகை அன்னைக்கு பிள்ளைங்க வேஷம் போட்டுட்டுப் போவாங்க, ஒருத்தருக்கொருத்தர் தின்பண்டப் பொட்டலம் குடுத்துப்பாங்க, நம்ம தீபாவளிக்கு பக்கத்து வீட்டுக்கு பலகாரத் தட்டு போகுமே அதேதான். நம்ம பிள்ளையும் ஒரு ரெண்டு மூணு பொட்டலம் எடுத்துட்டுப் போகட்டும், முத்திரை போட்ட பாக்கெட்டா.

பள்ளி வாசல்கிட்ட

யூதப் பள்ளிக்கு வாசல்ல காவல் இருக்கும், உயரமான வேலி இருக்கும், பை சோதனை இருக்கும். முதல்ல பாக்குறப்ப பயமா இருக்கும். 1994ல தொடங்கின சிஎஸ்டிங்கிற அறக்கட்டளை பள்ளிகளுக்கு பாதுகாப்பு ஆலோசனை, பயிற்சி எல்லாம் பாத்துக்குது, காவலர் செலவுக்கு அரசாங்கமும் மானியம் தருது. இது வெத்துப் பயம் இல்ல, 2025 அக்டோபர் 2, யோம் கிப்பூர் அன்னைக்கு மான்செஸ்டர்ல ஒரு சினகாக்ல நடந்த தாக்குதல்ல 2 பேர் உயிர் போச்சு. அந்த வாரம் எங்க குரூப்ல எல்லாரும் எழுதினது ஒண்ணே ஒண்ணுதான், "பிள்ளைங்க வீட்டுக்கு வந்துட்டாங்களா".

நாம செய்ய வேண்டியது: பிள்ளைய விட்டதும் கேட்டுல கூட்டமா நின்னு பேசாம நகரணும், யூனிஃபார்ம், வாசல், காவலர் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து போடக் கூடாது, பள்ளி விடுற நேரத்தையும் டூர் போற எடத்தையும் வெளியாளுக்கு சொல்லக் கூடாது. அடையாள அட்டை குடுத்தா மாட்டிக்கோங்க. சில பள்ளிகள்ல, முக்கியமா பிரைமரியில, பெத்தவங்களே முறை வெச்சு காலையில வாசல்ல நிப்பாங்க. கேட்டா சரின்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் ஜனவரிக் குளிர்ல மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கிட்டு நாலு வாரம் நின்னாரு, அதுக்கு முன்னாடி மூணு வருஷம் தலையாட்டிட்டு மட்டும் போன அப்பாங்க அந்த நாலு வாரத்துல பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

இஸ்ரேல் விஷயம் பேச்சுல வரும். பல வீடுகளுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்களுக்குள்ளயே கருத்து ஆயிரம் இருக்கு. வகுப்பு குரூப்ல அரசியல் பேச்ச நான் தொடுறதில்ல, ஆனா "உங்க அக்கா நல்லா இருக்காங்களா"ன்னு தனியா கேக்க தயங்குனதும் இல்ல.

காசு

அரசுப் பள்ளிதானே, அப்புறம் ஏன் காசு கேட்டு கடிதம் வருதுன்னு எல்லாருக்கும் ஒரு குழப்பம். பொதுப் பாடத்துக்கு அரசாங்கம் தருது, யூத சமயக் கல்விக்கும் பாதுகாப்புல ஒரு பங்குக்கும் பள்ளி தானா திரட்டணும், அதுக்குத்தான் பெத்தவங்ககிட்ட கேக்குறாங்க. இது விருப்பக் காணிக்கை, குடுக்கலன்னா சீட்டுக்கு எதுவும் ஆகாது. முடிஞ்சா முழுசா, இல்லன்னா முடிஞ்ச அளவு, அதுவும் இல்லன்னா ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பதிலே போடாம இருக்கிறதுதான் நல்லா இல்ல. இங்க வரி கட்டுறவங்க கிஃப்ட் எய்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்துலேருந்து கூடுதலா போகும்.

பார் மிட்ஸ்வா வருஷம்

பையனுக்கு 13 வயசு ஆனா பார் மிட்ஸ்வா, பொண்ணுக்கு 12ல பாட் மிட்ஸ்வா, பிள்ளை மதப்படி பெரியவங்களாகுற சடங்கு. இயர் செவன், எய்ட்ல பத்திரிகை வந்துக்கிட்டே இருக்கும், நம்ம பக்கம் தை மாசம் கல்யாணப் பத்திரிகை வர்ற மாதிரி. முடிஞ்ச வரைக்கும் போங்க. சனிக்கிழமை சினகாக்ல நடக்குற பகுதிக்கு, அவங்க பேச்சுல அது ஷூல், பரிசு, காசு, போன் எதுவும் எடுத்துட்டுப் போகக் கூடாது. ஆம்பளைங்க தலைய மூடணும், வாசல்லயே கிப்பாங்கிற சின்னத் தொப்பி வெச்சிருப்பாங்க, வழக்கத்தக் கறாரா பாக்குற ஆர்த்தடாக்ஸ் எடத்துல ஆம்பளைங்க பொம்பளைங்க தனித்தனியா உக்காருவாங்க. புடவை தாராளமா கட்டலாம், நான் பட்டுதான் கட்டிட்டுப் போனேன், பக்கத்துல இருந்த ஒரு பாட்டி முந்தானையத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருந்தாங்க. எபிரேயத்துல பையன் படிக்கிறது நமக்குப் புரியாது, ஆனா அந்தப் பையனோட தாத்தா முகத்தப் பாத்தாலே போதும். முடிஞ்சதும் கிடூஷ்ங்கிற சின்ன விருந்து, மீன் உருண்டை, சின்ன ரோல், கேக்குன்னு நின்னுக்கிட்டே சாப்பிடுறது. "மசல் டோவ்"னு சொல்லி எல்லாரையும் வாழ்த்தலாம்.

பரிச பார்ட்டி அன்னைக்கு குடுங்க. நம்ம மொய் 101, 501 மாதிரி அங்கயும் ஒரு கணக்கு இருக்கு, 18ம் அதோட மடங்கும். எபிரேய எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, "உயிர்"ங்கிற வார்த்தையோட ரெண்டு எழுத்தும் சேர்ந்தா 18. 18 பவுண்டு, 36 பவுண்டு, வசதிக்கு ஏத்த மாதிரி கவர்ல வெச்சு குடுத்தா அந்த வீட்டுப் பெரியவங்களுக்கு உடனே புரியும்.

துக்க வீடு

இதத்தான் நான் ரொம்ப முக்கியமா நெனக்கிறேன், இத யாரும் நமக்கு சொல்லித் தர்றதில்ல. என் பொண்ணு இயர் நைன் படிக்கிறப்ப அவ கூட்டாளியோட அப்பா திடீர்னு போயிட்டாரு. அடக்கம் மறுநாளே, அவங்களும் நம்மள மாதிரி நாள் தள்ள மாட்டாங்க. அதுக்கப்புறம் ஏழு நாள் வீட்டுலயே உக்காந்திருப்பாங்க, பேரு ஷிவா. குரூப்ல அந்த வார்த்தையப் பாத்ததும் எனக்கு நம்ம சிவன் ஞாபகம்தான் வந்துச்சு, எபிரேயத்துல ஷிவான்னா ஏழு.

பூ வாங்கக் கெளம்பிட்டேன், நல்ல வேளை இன்னொரு அம்மா போன் பண்ணி, பூ வேணாம், கையில எதுவும் வேணாம், வந்தா போதும்னாங்க. கதவு தெறந்தே இருந்துச்சு, பெல் அடிக்கக் கூடாது, நேரா உள்ள போகணும். கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருந்துச்சு. அந்த அம்மா ஒரு குட்டையான நாற்காலியில உக்காந்திருந்தாங்க, போட்டிருந்த கார்டிகன்ல கழுத்தோரம் ஒரு கிழிசல். அது வேணும்னே கிழிக்கிறது, துக்கத்துக்கு அடையாளம். அவங்க பேசுற வரைக்கும் நாம பேசக் கூடாது, சும்மா பக்கத்துல உக்காரணும். நான் உக்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, "உங்க பொண்ணு அவரோட ஜோக்குக்கெல்லாம் சிரிப்பா"ன்னாங்க, அவ்வளவுதான் சொன்னாங்க, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அழுதோம். கெளம்புறப்ப நம்ம ஊருல துக்க வீட்டுல "போயிட்டு வரேன்"னு சொல்ல மாட்டோம், அதே பழக்கத்துல பேசாம எழுந்தேன். இங்கிலாந்து யூதர்கள் அந்த நேரத்துல சொல்ற வாக்கியம் ஒண்ணு இருக்கு, "ஐ விஷ் யூ லாங் லைஃப்". இருக்கிறவங்களுக்கு நீண்ட ஆயுசு வேணும்னு வேண்டுறது. அத சொன்னேன். வேற எதுவும் சொல்லத் தேவையில்ல. ஆம்பள பொம்பள கை குலுக்குறது மட்டும் அவங்க கைய நீட்டினா குடுங்க, இல்லன்னா வேணாம்.

சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் போடுவாங்க, இன்னைக்கு யாரு, நாளைக்கு யாருன்னு. நம்ம சமையல் அந்த வீட்டுக்குள்ள போகாது, கோஷர் கடையில ஆர்டர் போட்டு அனுப்பலாம். எனக்குத் தோணினது வேற, ரெண்டு வாரம் அந்தப் பொண்ணையும் தம்பியையும் காலையில நானே வண்டியில கூட்டிட்டுப் போனேன், விட்டுப்போன நோட்ஸ என் பொண்ணு எழுதிக் குடுத்தா. கல்லறையில கல்லு வெக்கிற சடங்கு கொஞ்ச மாசம் கழிச்சு தனியா நடக்கும், அதுக்கும் சொல்லி அனுப்பினாங்க, போனோம்.

பிள்ளை முடிச்சு வெளிய வந்ததும்

பழைய மாணவர்கள் விஷயத்துல இந்தப் பள்ளிகளுக்கு ரொம்ப பழைய பழக்கம் இருக்கு. ஜேஎஃப்எஸ்ல படிச்ச இஸ்ரேல் ஸாங்வில் அங்கயே வாத்தியாராவும் இருந்து அப்புறம் பெரிய எழுத்தாளர் ஆனாரு. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் சின்ன வயசுல படிச்சதும் அங்கதான். இன்னைக்கும் படிச்சு முடிச்சவங்க வேலை பத்தி பேசுற சாயங்காலத்துக்கு வருவாங்க, மாதிரி இன்டர்வியூ நடத்துவாங்க, பிள்ளைங்களுக்கு வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் எடம் தேடிக் குடுப்பாங்க. நம்ம பிள்ளை யூதப் பிள்ளை இல்லங்கிறதுக்காக இதுலேருந்து ஒதுங்க வேணாம், அங்க படிச்ச எல்லாரும் பழைய மாணவர்தான். என் பொண்ணுக்கு இயர் டுவெல்வ்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஒரு வாரம் எடம் கெடச்சது இருபது வருஷம் முன்னாடி அங்க படிச்ச ஒருத்தர் மூலமா.

வாங்குற மாதிரி குடுக்கவும் செய்யணும். நம்ம ஆளுங்க ஐடியிலயும் ஆஸ்பத்திரியிலயும் கணக்கு ஆபீஸ்லயும் நெறைய பேர் இருக்கோம், பிள்ளை படிக்கிறப்பவே கேரியர்ஸ் டீச்சருக்கு ஒரு மெயில் போட்டு "நான் வந்து பேசுறேன்"னு சொல்லுங்க. கடைசி வருஷம் மே மாசத்துக்குள்ள ரெண்டு வேலை பண்ணிடுங்க: பழைய மாணவர் பட்டியல்ல பிள்ளையோட சொந்த ஈமெயிலக் குடுங்க, பள்ளி ஈமெயில் முகவரி வெளிய வந்த கொஞ்ச நாள்ல மூடிடுவாங்க, அதுல மட்டும் இருக்கிற போட்டோ, கட்டுரை எல்லாத்தையும் எறக்கி வெச்சுக்கோங்க. அந்த பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ப யாரு பாத்துக்கப் போறாங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேளுங்க, யாரும் இல்லன்னா உங்க பிள்ளையவே எடுத்துக்க சொல்லுங்க. என் பொண்ணுதான் எடுத்துக்கிட்டா. நவம்பர்ல மிட்ஸ்வா டேங்கிற சேவை நாளுக்கு ஃபுட் பேங்க் டின் அடுக்குறதுக்கு ஆள் கேட்டு அவதான் மெசேஜ் போடுறா, பட்டியல்ல முதல் பேரு அந்த இயர் நைன் கூட்டாளியோடது.